மாதத்தைப் பாருங்கள்: பழைய குடியேற்றப் பண்ணை ஊரின் சாவுகளைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் நான் இருக்கும் தெற்கு இண்டியானாவில் காரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். சுற்றிலும் மக்காச்சோளம், நடுவில் இரண்டு மூன்று சிடார் மரம், அதன் கீழே ஒன்றின் மேல் ஒன்று சாயப்போவது மாதிரி நிற்கும் வெள்ளைக் கற்கள். முதல் தடவை அப்படி ஒன்றில் இறங்கிப் பார்த்தபோது, ஒரே வரிசையில் முழங்கால் உயரத்தில் மூன்று கற்கள், மூன்றின் தலையிலும் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி, மூன்றிலும் 1863 ஜனவரி. ஏழு வயது, நாலு வயது, இரண்டு வயது. பதினோரு நாளுக்குள் மூன்றும் போயிருக்கின்றன.

காலரா என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யும் நோய் என்றால் எனக்குத் தெரிந்தது என் பாட்டி சொன்ன வாந்திபேதிக் கதைகள்தானே. அப்புறம் நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஜனவரியிலா காலரா?" என்று மட்டும் கேட்டார். கிணறு, ஓடை எல்லாம் உறைந்து கிடக்கிற மாதம். எனக்கு உறைத்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒஹையோ, இண்டியானா, இல்லினாய், அயோவா பக்கம் இருக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளியில் உள்ளூர் வரலாற்று வேலை கொடுத்திருந்தால் அவர்களோடு செய்து பார்க்கலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஏட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைக் கடைசியில் பாருங்கள். எந்த மாதம், எத்தனை வயது, பக்கத்தில் யார் கிடக்கிறார்கள் என்ற மூன்றையும் முதலில் எடுத்துவிட்டால், பெரும்பாலும் அந்தப் பெயரைவிட அவை அதிகம் சொல்லும்.

போவதற்கு முன்

பாதித் தோட்டங்கள் தனியார் பண்ணைக்குள் இருக்கும். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். விதைப்பு, அறுவடை நேரத்தில் போய் டிராக்டர் வழியில் காரை நிறுத்தாதீர்கள். பாய்சன் ஐவி என்று ஒரு கொடி, மூன்று மூன்று இலையாக இருக்கும், பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். உண்ணிக்குப் பயந்து காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். நோயால் செத்தவர்களைத் தேடிப் போய் நாம் ஒரு நோயை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

இலை உதிர்ந்த பிறகு, நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் படும்: சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று பச்சையாகத் தரையோடு படர்ந்திருக்கும் வின்கா கொடி. நம் நித்தியகல்யாணிக்குச் சொந்தக்காரி. கல்லறை மேல் நட்டுவிட்டுப் போவது இங்கே பழைய வழக்கம். ஆள் போய், கல் போய், கொடி மட்டும் நிற்கும். அந்தப் பச்சைக்குள் பெயர் வெட்டாத வெறும் பாறைத் துண்டு ஒன்று செங்குத்தாக நட்டிருந்தால் அதுவும் ஒரு கல்லறையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கல்வெட்டுக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாத வீடு, அல்லது கல்வெட்டுக்காரனே இல்லாத காலம். படத்தில் அதையும் எடுத்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கல்லைப் படிப்பது

மார்பிள் கற்கள் மழையில் கரைந்து, எழுத்து விரலால் தடவினால்தான் தெரியும் நிலையில் இருக்கும். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, ஷேவிங் க்ரீம் தடவுவது, கம்பி பிரஷ் போடுவது எல்லாம் இணையத்தில் சொல்வார்கள். ஒன்றும் செய்யாதீர்கள், கல் செத்துவிடும். வெறும் தண்ணீர், மெல்லிய பிரஷ், அதுவும் கல் ஆடாமல் இருந்தால் மட்டும். படிப்பதற்கு வேண்டியது வெளிச்சம்தான், அதுவும் பக்கவாட்டிலிருந்து. ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டுபோய் வெயிலைப் பிடித்துக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள், இல்லாத எழுத்தெல்லாம் நிழல் கட்டி எழுந்து நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

பெரும்பாலான கற்களில் பிறந்த தேதி இருக்காது. இறந்த தேதியும், இத்தனை வருடம் இத்தனை மாதம் இத்தனை நாள் என்று வயதும் இருக்கும். கழித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மூன்று கற்களிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே குடும்பத்தின் நாலாவது கல் ஒன்று இருந்தது: 1866 ஆகஸ்ட் 19, வயது 1 வருடம் 2 மாதம் 9 நாள். 19இல் 9 போனால் 10, ஆகஸ்டிலிருந்து இரண்டு மாதம் பின்னால் போனால் ஜூன், 66இல் ஒன்று போனால் 65. 1865 ஜூன் 10ஆம் தேதி பிறந்த குழந்தை. நாள் கழிக்க முடியாமல் கடன் வாங்க வேண்டி வந்தால், அந்தக் காலத்துக் கல்வெட்டுக்காரர் மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தாரா, நாட்காட்டியைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. ஒரு நாள் முன்பின் இருக்கட்டும். இன்னொரு பொறி: "ஐந்தாம் வயதில்" என்று வெட்டியிருந்தால் ஐந்து முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. நம்மூர் ஜாதகத்தில் "நடப்பு வயது" என்பார்களே, அதேதான்.

பெயர், இறந்த மாதம், வருடம், வயது, யாருடைய பிள்ளை அல்லது மனைவி, எந்தக் கல்லுக்குப் பக்கத்துக் கல் என்று ஆறு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எக்செல் போதும். வீட்டுக்கு வந்து முதலில் மாதவாரியாக அடுக்கிப் பாருங்கள். வருடவாரியாக அடுக்குவது அப்புறம்.

மாதமும் வயதும் சொல்வது

1820 முதல் 1880 வரையிலான ஒரு மிட்வெஸ்ட் (மேலே சொன்ன மாநிலங்கள் இருக்கும் பகுதி) பண்ணை ஊரை எடுத்துக்கொண்டால், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஒரு மேடு, குளிர்காலத்தில் ஒரு மேடு என்று தெரிய வாய்ப்பு அதிகம். ஐம்பது அறுபது கல்லை வைத்து இது புள்ளிவிவரம் ஆகாது, அதை மறக்க வேண்டாம். ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டிவிடும்.

கோடைக் கடைசியில் சின்னக் குழந்தைகள், அதிலும் ஒரு வயதுக்கு மேல் இரண்டுக்குள் இருந்தால், "இரண்டாவது கோடை" என்று அந்தக் காலத்துத் தாய்மார்கள் பயந்த சமாச்சாரம் அது. முதல் கோடையில் குழந்தை தாய்ப்பாலில் இருக்கும். இரண்டாவது கோடையில் பால் மறக்கடித்திருப்பார்கள், தொழுவத்து ஈ மொய்த்த பசும்பால், வெயிலில் இருந்த கஞ்சி, கிணற்றுத் தண்ணீர். சம்மர் கம்ப்ளெயிண்ட், கோலரா இன்ஃபாண்டம் என்றெல்லாம் ஏட்டில் எழுதுவார்கள். பெயரில் காலரா இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. நிஜக் காலரா வேறு: 1832லிருந்து ஓர் அலை, 1849லிருந்து இன்னொன்று, ஆற்று வழியாகவும் பயணப் பாதை வழியாகவும் வந்தது, பெரியவர்களையும் விடவில்லை, காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவார்.

இலையுதிர் காலத்தில் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் ஆட்கள், ஒரே வீட்டில் சில வாரம் அல்லது சில மாத இடைவெளியில் போயிருந்தால், டைபாய்டை நினையுங்கள். கிணறு எங்கே, கழிவறை எங்கே, தொழுவம் எங்கே என்று பழைய பண்ணை வரைபடம் கிடைத்தால் பாருங்கள். இல்லினாயில் நியூ சேலம் பக்கத்துப் பண்ணையில் ஆன் ரட்லெட்ஜ் 1835 ஆகஸ்ட் 25 அன்று காய்ச்சலில் இறந்தார், லிங்கனின் காதலி என்று சொல்லப்படுகிறவர். அதே வருடம் டிசம்பரில் அவருடைய அப்பாவும். மூளைக்காய்ச்சல் என்றெல்லாம் அன்று சொன்னதை இன்று பெரும்பாலோர் டைபாய்டு என்றே படிக்கிறார்கள்.

குளிர்கால மேட்டில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் என்றால் நுரையீரல். "விண்ட்டர் ஃபீவர்" என்று எழுதியிருந்தால் நிமோனியாவாக இருக்கும். குளிர்காலத்தில் இரண்டிலிருந்து பத்து வயதுக்குள், ஒரே வீட்டில் அடுத்தடுத்து, பெரியவர்களைத் தொடாமல் என்றால் தொண்டை. டிப்தீரியா, நம்மூரில் தொண்டை அடைப்பான் என்பார்கள், அல்லது தொண்டைப் புண்ணோடு உடம்பெல்லாம் சிவக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல். ஒரே அறையில் ஒரே கட்டிலில் நாலு பிள்ளைகள் படுக்கிற மரவீடு, வெளியே பனி, ஒரு குவளையில் எல்லாரும் தண்ணீர் குடிப்பார்கள். டிப்தீரியாவுக்கான எதிர்விஷ மருந்து 1895 வாக்கில்தான் அமெரிக்காவில் கைக்கு வந்தது. அதற்கு முன் மருத்துவர் வந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். என்னுடைய மூன்று கற்களும் இதில்தான் வருகின்றன. இரண்டில் எது என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள் பெண், அதே வாரத்தில் பெயரில்லாத குழந்தைக்கல் ஒன்று பக்கத்தில் என்றால் விளக்கத் தேவையில்லை. குழந்தையைத் தாயின் கையிலேயே வைத்துப் புதைத்ததும் உண்டு, அப்போது ஒரு கல்தான் இருக்கும். கணவருடைய கல்லுக்கு இரு பக்கமும் ஆளுக்கொரு மனைவி இருந்தால் முதலாமவரின் வயதையும் கடைசிக் குழந்தையின் பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். காசநோய் மட்டும் இந்த மாதக் கணக்குக்கு அவ்வளவாக அடங்காது. அண்ணன் ஒரு வருடம், தங்கை மூன்று வருடம் கழித்து, எல்லாம் இருபதுகளில், மெல்ல மெல்ல ஒரு வீட்டைத் தின்றிருக்கும்.

கல்லில் தெரியாத நோய் ஒன்று உண்டு, அதுதான் ஊரில் எல்லாருக்கும் இருந்தது: ஏக்யூ. முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த நேரத்துக்குக் குளிர் நடுக்கும், அப்புறம் கொதிக்கும், அப்புறம் வேர்த்து விடும், மறுநாள் எழுந்து ஏர் பிடிக்கலாம். நடுக்கம் வராத நாளைப் பார்த்து வேலை வைத்துக்கொண்டார்கள். இதை நோய் என்றே பலர் மதிக்கவில்லை. அதனால் இறப்புப் பட்டியலில் இதன் பங்கு குறைவாகத் தெரியும். உடம்பை உளுத்துப்போக வைத்துவிட்டு, பெயரை வேறு நோய் வாங்கிக்கொள்ளும். புதுப் புல்வெளியை உழுதால் மண்ணிலிருந்து கெட்ட ஆவி கிளம்பிக் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். அவர்கள் கண்ட பொருத்தம் பொய்யில்லை, ஆற்றோரச் சதுப்பில் வீடு கட்டியவனுக்குக் காய்ச்சல் வந்தது. காரணம் ஆவி இல்லை, கொசு. மிசோரியில் ஜான் சாப்பிங்டன் என்ற மருத்துவர் 1832லிருந்து குயினைன் மாத்திரையை ஊர் ஊராக விற்றார். மற்ற மருத்துவர்கள் அப்போது காய்ச்சல்காரரின் கையைக் கீறி ரத்தம் எடுத்துக்கொண்டும், கலோமெல் என்ற பாதரசப் பொடியை வாயில் எச்சில் ஒழுகும்வரை கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். எச்சில் ஒழுகினால் மருந்து வேலை செய்கிறதாம். பல்லெல்லாம் ஆடி விழும். மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்தது சிலருக்கு அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லிட்டில் பிஜன் க்ரீக்

இந்த முறையில் படித்துப் பழக நல்ல இடம் ஒன்று சொல்கிறேன், நேரில் போயும் பார்க்கலாம். தெற்கு இண்டியானாவின் ஸ்பென்சர் கவுண்டியில் லிங்கன் சின்ன வயதில் வளர்ந்த லிட்டில் பிஜன் க்ரீக் குடியிருப்பு, இப்போது தேசிய நினைவிடம். தாமஸ் லிங்கன் 1816 டிசம்பரில் கென்டக்கியிலிருந்து மனைவி நான்சி, ஒன்பது வயது மகள் சாரா, ஏழு வயது ஆபிரகாம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தார். அடுத்த வருடம் நான்சியின் சித்தி முறை எலிசபெத்தும் அவர் கணவர் தாமஸ் ஸ்பாரோவும் வந்து சேர்ந்தார்கள்.

1818 இலையுதிர் காலம். முதலில் ஸ்பாரோ தம்பதி இருவரும். பக்கத்து வீட்டு புரூனரின் மனைவியும் போனார். இவர்களைப் பார்த்துக்கொண்ட நான்சி அக்டோபர் 5ஆம் தேதி போனார், வயது 34. கட்டத்தில் எழுதிப் பாருங்கள்: எல்லாரும் பெரியவர்கள், எல்லாம் சில வாரத்துக்குள், செப்டம்பர் அக்டோபர், அக்கம்பக்கத்து வீடுகள். தொண்டை நோய் இல்லை, குழந்தைகளைத் தொடவில்லையே. பார்த்துக்கொண்டவருக்கு வந்திருக்கிறது, அப்படியானால் தொற்றா? அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் அதே வீட்டில் இருந்த பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

ஊரில் இதற்குப் பெயர் பால்நோய், மில்க் சிக். மாட்டுக்கு முதலில் உடம்பு உதறும், கால் பின்னும், விழும். மனிதருக்கு வாந்தி, தீராத சோர்வு, மலச்சிக்கல், மூச்சில் ஒரு தனி வாடை, கடைசியில் நினைவு தப்பிப்போகும். பாலில்தான் ஏதோ இருக்கிறது என்று குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தானே அந்தப் பெயர். எதனால் என்று மட்டும் பிடிபடவில்லை. தெற்கு இல்லினாயில் ஆனா பிக்ஸ்பி என்ற மருத்துவப் பெண்மணிக்கு ஒரு ஷானி பழங்குடி மூதாட்டி செடியைக் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆய்வுக்கூடத்தில் விஷத்தைப் பிரித்து ட்ரெமெட்டால் என்று பெயர் வைத்தது 1920களில்தான், அதற்குள் நூறு வருடம் போய்விட்டது.

செடி ஒயிட் ஸ்னேக்ரூட். காட்டின் ஓர நிழலில் வளர்ந்து, கோடை முடிவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகப் பூக்கும். மாடு அதை விரும்பித் தின்னாது. ஆனால் புதிதாகக் குடியேறியவனிடம் மேய்ச்சல் நிலம் ஏது, மாட்டைக் காட்டில் அவிழ்த்துவிடுவான். மழை தவறிப் புல் காய்ந்துபோனால் ஆகஸ்ட் செப்டம்பரில் பச்சையாக நிற்பது இதுதான். கொடுமை என்னவென்றால், கறக்கிற மாட்டின் உடம்பிலிருந்து விஷம் பால் வழியாக வெளியேறிவிடுவதால் அது நன்றாகவே நிற்கலாம், அதன் கன்று சாகும், பாலையும் வெண்ணெயையும் சாப்பிட்டவர் சாவார். மாதம் ஏன் செப்டம்பர், இடம் ஏன் புதுக் காடு, ஒரே மாட்டின் பாலைப் பகிர்ந்த அக்கம்பக்கம் ஏன் என்பதெல்லாம் இப்போது ஒன்றாகப் பொருந்துகிறது பாருங்கள். காடு அழிந்து, வேலி போட்ட மேய்ச்சல் வந்து, பல பண்ணைப் பாலை ஒன்றாகக் கலக்கத் தொடங்கியபோது நோயும் போய்விட்டது. எந்த மருத்துவரும் ஒழிக்கவில்லை.

நான்சியின் சவப்பெட்டியைத் தாமஸ் லிங்கனே மரம் அறுத்துச் செய்தார், அப்போது ஒன்பது வயதான ஆபிரகாம் அதற்கு மர ஆணி சீவிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். நான்சிக்கு வெகுகாலம் கல்லே இல்லை. 1879இல்தான் வண்டி செய்து விற்ற ஸ்டுடபேக்கர் குடும்பத்துக்காரர் ஒருவர் ஒரு கல் வைத்தார். நாட்டின் ஜனாதிபதியைப் பெற்றவளுக்கே இந்தக் கதி, அப்படியானால் மற்றவர்களுக்கு எத்தனை கல் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயே ஒரு நடை தூரத்தில் பழைய பாப்டிஸ்ட் தேவாலயக் கல்லறையில் சாரா கிடக்கிறார். ஆபிரகாமின் அக்கா. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், 1828 ஜனவரி 20, பேறுகாலத்தில், வயது 20. குழந்தையும் இறந்தே பிறந்தது. மாதம் ஜனவரி என்பதால் குளிர்கால நோய் என்று எழுதிவிடாதீர்கள். பெண், வயது 20 என்பது மாதத்தை முந்திக்கொள்கிறது. மறுபடியும் பால்நோய் வருகிறது என்ற பயமும் சேர்ந்து அந்தக் குடும்பம் 1830 மார்ச்சில் இல்லினாய்க்குக் கிளம்பியது. போன இடத்தில் முதல் இலையுதிர் காலத்திலேயே வீடு முழுக்க முறைக்காய்ச்சல்.

காகிதங்கள்

கல்லை முடித்த பிறகு காகிதத்துக்கு வாருங்கள். 1850, 1860, 1870, 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு மார்ட்டாலிட்டி ஷெட்யூல் என்று தனித் தாள் உண்டு. அந்த வருடம் மே 31 வரையிலான பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டில் யார் இறந்தார், எந்த மாதம், எதனால் என்று கேட்டு எழுதியது. 1850, 1860 தாள்களில் எத்தனை நாள் நோயாகக் கிடந்தார் என்றும் இருக்கும், என்னைக் கேட்டால் அந்தக் கட்டம்தான் தங்கம். "காய்ச்சல், 21 நாள்" என்றால் டைபாய்டுப் பக்கம் சாயலாம். "காய்ச்சல், 2 நாள்" என்றால் வேறு யோசிக்க வேண்டும். ஆனால் பத்து வருடத்தில் ஒரே வருடத்தைத்தான் இது பார்க்கிறது, அதிலும் சொல்லாமல் விட்டவர்கள் நிறைய. என் 1863 பிள்ளைகள் இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

மாநிலப் பதிவுகளை நம்பி உட்காராதீர்கள், தாமதமாகத்தான் வந்தன: ஒஹையோவில் 1867, இல்லினாயில் 1877, அயோவாவில் 1880, இண்டியானாவில் 1882. ஆரம்ப வருடங்களில் பாதிப் பேர் பதியவே இல்லை என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

யாரும் தொடாத புதையல், நீதிமன்றத்தின் சொத்துக் கணக்குக் கட்டு. குடும்பத் தலைவர் உயில் இல்லாமல் இறந்தால் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் சீட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் மருத்துவருடைய பில்லும் இருக்கும், தச்சனின் பில்லும் இருக்கும். எந்தெந்தத் தேதியில் வந்தார், என்ன மருந்து, ராத்திரி வந்ததற்குத் தனிக் காசா, பின்னே சவப்பெட்டிப் பலகை எத்தனை. நான் பார்த்த ஒன்றில் ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்த மருத்துவர், செப்டம்பர் நடுவில் தினமும் வந்திருக்கிறார், குயினைன் வாங்கிய வரி நின்றுபோய் பிராந்தி வரி ஆரம்பிக்கிறது. அதற்கடுத்த தாள் தச்சனுடையது.

நோய்ப் பெயர்களுக்கு இணையத்தில் அகராதி நிறைய இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஃப்ளக்ஸ் என்றால் சீதபேதி, கன்ஸம்ப்ஷன் என்றால் பெரும்பாலும் காசநோய், லாக்ஜா என்றால் ரணஜன்னி, இதெல்லாம் சரி. "பல் முளைத்தது", "புழு" என்று குழந்தைச் சாவுக்குக் காரணம் எழுதியிருப்பார்கள் பாருங்கள், அது நம் வீட்டுக் கிழவிகள் "மாந்தம் வந்து போயிடுச்சு" என்பது போல. காரணம் தெரியாது, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். ட்ராப்ஸி என்றால் உடம்பில் நீர் கோத்தது, அது இதயமா சிறுநீரகமா ஈரலா என்று யாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் எழுதிய சொல்லை அப்படியே எழுதி, உங்கள் ஊகத்தைப் பக்கத்துக் கட்டத்தில் கேள்விக்குறியோடு போடுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்தால் ஆறு மாதம் கழித்து எது யார் சொன்னது என்று உங்களுக்கே தெரியாது, எனக்கு நடந்தது.

சராசரி வயது போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு கல்லின் சராசரி 30 என்று வந்தால் முப்பதில் எல்லாரும் செத்தார்கள் என்று பிள்ளையின் பள்ளி அட்டையில் எழுதி அனுப்பாதீர்கள். ஐந்து வயதைத் தாண்டியவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள், எழுபது எண்பது வயதுக் கற்கள் எத்தனை என்று ஆச்சரியமாக இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் இல்லாதவர்களையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்த நிலம் காலியாகக் கிடந்து குடியேறியது இல்லை. 1838 செப்டம்பர் தொடக்கத்தில் வடக்கு இண்டியானாவிலிருந்து 850க்கும் மேற்பட்ட பொட்டவாட்டமி பழங்குடி மக்களைத் துப்பாக்கி முனையில் கிளப்பி, இரண்டு மாதம் நடத்தி, கான்சாஸ் வரை கொண்டுபோனார்கள். வழியில் நாற்பதுக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மறுபடி மாதத்தைப் பாருங்கள், செப்டம்பர்: வறண்ட ஓடை, காய்ச்சல் காலம். அதே பாதையோரப் பண்ணைகளில் அதே காய்ச்சலில் குடியேறிகளும் கிடந்தார்கள். ஒரு கூட்டம் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரு கூட்டம் நடந்துகொண்டு.

ஐந்தாவது பிள்ளை

கடைசியாக ஒரு உத்தி. 1900, 1910 கணக்கெடுப்புகளில் பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது. உங்கள் தோட்டத்துத் தாய்மார்களில் அதுவரை உயிரோடு இருந்தவர் யாராவது கிடைத்தால் உடனே தேடிப் பாருங்கள்.

என் மூன்று ஆட்டுக்குட்டிகளின் தாய் 1900இல் 67 வயதில் மகன் வீட்டில் இருந்தார். பெற்றது 9, இருப்பது 4. அப்படியானால் போனது ஐந்து. 1863 ஜனவரியில் மூன்று, 1866 ஆகஸ்டில் இரண்டாவது கோடையைத் தாண்டாத அந்த ஒன்றே கால் வயதுக் குழந்தை, மொத்தம் நாலு கல். ஒன்று குறைகிறது.

பிறப்பு வருடங்களை வரிசையாக எழுதினேன். இரண்டு வருடம், இரண்டரை வருடம் என்று சீராக வந்துகொண்டிருந்த இடைவெளி, 1860இல் பிறந்த குழந்தைக்கும் 1865 ஜூனில் பிறந்ததற்கும் நடுவில் மட்டும் ஐந்து வருடமாக விரிகிறது. உள்நாட்டுப் போர் நடந்த வருடங்கள், கணவர் போருக்குப் போயிருக்கலாம் என்று படைப் பதிவுகளைப் பார்த்தேன், பெயர் இல்லை. அப்படியானால் 1862, 63 வாக்கில் ஒன்று பிறந்திருக்க வேண்டும். 1860 கணக்கெடுப்புக்குப் பின்னால் வந்து 1870க்கு முன்னால் போன குழந்தை எந்தத் தாளிலும் இருக்காது.

பழைய படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சின்னக் கற்களின் வரிசையில் வலது கோடியில், வின்கா கொடிக்குள், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு வெறும் பாறைத் துண்டு நிற்கிறது. அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்: பெயர் தெரியாது, மாதம் தெரியாது, வயது ஒன்றுக்குள், கேள்விக்குறி.